மக்ரூனும் பறங்கிக் கதையும்

தூத்துக்குடி மக்ரூன் பற்றி எங்கே படித்தாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும், முதல் நிமிஷத்திலேயே ஒரு கப்பல் வந்துவிடும். போர்த்துகீசியர் முத்துக்காக வந்தார்கள், கையோடு முந்திரியைக் கொண்டுவந்தார்கள், முட்டை வெள்ளைக்கருவை அடித்து மக்ரூன் போட நம்ம ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பிறகு போய்விட்டார்கள், பலகாரம் தங்கிவிட்டது. அவ்வளவுதான் கதை. சொல்வதற்கு வசதியாக இருக்கிறது. கேட்கிறவருக்கும் ஒரு கடல், ஒரு மாதா கோவில், ஒரு இனிப்பு என்று படம் படமாகக் கண்ணில் விரியும்.

இந்த வலைப்பூவில் வழக்கமாகப் புத்தகங்களைத்தான் விமர்சிப்பேன். இந்த முறை இந்தக் கதையையே ஒரு நூலாக எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் பேர் இல்லாத நூல், ஆனால் பதிப்பு மேல் பதிப்பு போய்க்கொண்டிருக்கிறது. இதில் எந்தப் பகுதி நிற்கும், எந்தப் பகுதி நிற்காது, இதை நம்புவதால் யார் காணாமல் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் தேதிகள். முத்துக்குளித்துறையில் பரதவர்கள் கிறித்துவம் தழுவியது 1530-களின் நடுவில். சவேரியார் வந்தது 1542-ல். கார்சியா த ஓர்ட்டா என்கிற போர்த்துகீசிய மருத்துவர் கோவாவில் பல வருஷம் இருந்து, இந்திய மூலிகைகள், மரங்கள், மசாலாக்கள் பற்றி எழுதிய பெரிய உரையாடல் நூல் 1563-ல் கோவாவிலேயே அச்சானது. மாங்காய், தேங்காய், பலா, சேங்கொட்டை எல்லாம் விலாவாரியாக எழுதிய மனிதர், முந்திரி மரத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. 15 வருஷம் கழித்து 1578-ல் கிறிஸ்தோவாவ் த கோஸ்தா எழுதிய நூலில்தான் அந்த மரம் வருகிறது, அதுவும் கொச்சியில் தோட்டத்தில் பார்த்ததாக. அதே 1578-ல் தான் நம் முத்துக்குளித்துறையில் பல்லாண்டு காலம் இருந்த என்றிக்கே என்றீக்கஸ் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானது. அதாவது தமிழ் எழுத்து அச்சேறிய அந்த வருஷத்தில், முந்திரி மேற்குக் கரையில் ஒரு புதுமையான தோட்டச்செடி. தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தது 1658. இடையில் இருப்பது 80 வருஷம்.

80 வருஷம் போதாதா என்று கேட்கலாம். மரம் வளரப் போதும். சிக்கல் மரத்தில் இல்லை, கொட்டையில் இருக்கிறது.

முந்திரிக்கொட்டையின் ஓட்டை உடைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடு இரண்டு அடுக்கு. நடுவில் தேன்கூடு மாதிரி இருக்கும் அறைகளில் ஒரு கெட்டி எண்ணெய். கையில் பட்டால் தோல் வெந்து, கறுத்து, உரிந்துவிடும். துணியில் குறி போட வண்ணார்கள் பயன்படுத்திய சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம் (மாமரமும்தான், அதனால்தான் மாங்காய்ப் பால் பட்ட உதடு புண்ணாகிறது). சுட்டு, ஓட்டை உடைத்து, பருப்பை உலர்த்தி, உள்தோலை உரித்து, தரம் பிரிப்பது என்பது வீட்டில் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடிக்குச் செய்யக்கூடிய வேலை. ஒரு ஊரின் பலகாரத்துக்குப் படி படியாகப் பருப்பு வேண்டும் என்றால் அதற்கு ஆலை வேண்டும், ஆலைக்கு ஆள் வேண்டும். கொல்லத்திலும் மங்களூரிலும் அந்த ஆலைகள் எழுந்து, பருப்பு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போக ஆரம்பித்தது 1920-களில். அதற்கு முன்னால் இந்த மரத்தின் பெருமை பெரும்பாலும் பழத்தில்தான் இருந்தது. கோவாவில் பழத்தைப் பிழிந்து ஃபெனி இறக்கினார்கள். கொட்டை இரண்டாம் பட்சம்.

அடுத்து முட்டை. இங்கேதான் பறங்கிக் கதை நன்றாகவே இடறுகிறது. போர்த்துகீசிய இனிப்புகளைக் கொஞ்சம் கவனித்தால் தெரியும், அவை மஞ்சள் கரு சமையல். கன்னியர் மடங்களில் துணிக்குக் கஞ்சி போடவும் திராட்சை மதுவைத் தெளிய வைக்கவும் வெள்ளைக்கரு செலவாகும், மிஞ்சிய மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் போட்டுப் பலகாரம் செய்தார்கள் என்று அங்கேயே ஒரு கதை சொல்வார்கள். கோவாவின் பெபின்கா அடுக்கடுக்காக மஞ்சள் கரு. தாய்லாந்தில் போர்த்துகீசியத் தொடர்பால் வந்ததாகச் சொல்லப்படும் பொன்னிழை இனிப்பும் மஞ்சள் கரு. நம்ம மக்ரூனில் ஒரு சொட்டு மஞ்சள் கரு விழுந்தாலும் கலவை எழும்பாது. போர்த்துகீசியர்களிடம் சுஸ்பீரோ என்று வெள்ளைக்கருவும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த ஒரு பலகாரம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு ஒருதலையாகிவிடும். அதில் பருப்பு கிடையாது. அப்புறம், பாதாம் கிடைக்காத இடத்தில் முந்திரியைப் போட்டு ஈடுகட்டுவது போர்த்துகீசியப் பழக்கம்தான்: கோவாவின் மார்சிபான் முந்திரியில்தான் செய்கிறார்கள். பறங்கிக் கதைக்கு ஆதரவாக இருக்கும் ஒரே உருப்படியான சான்று இது என்பது என் கணிப்பு. கதை சொல்கிற யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, பேர். இதுக்கு மொழி ஆராய்ச்சி பெரிதாக வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டால் போதும். போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள் நம்மிடம் ஏராளம்: ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, ஏலம். தின்பண்டத்திலும் பிஸ்கோத்து இருக்கிறது. இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் பாண் என்றே பேர், நேராக போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. ஆனால் தூத்துக்குடி பேக்கரிக்குள் நுழைந்தால் கேக், பன், ரஸ்க், மக்ரூன். எல்லாம் ஒரே ஜாதி, எல்லாம் இங்கிலீஷ். பிரெஞ்சுக்காரன் மக்கரோன் என்பான். போர்த்துகீசியத்தில் இதற்கு நெருக்கமான மக்கர்ராவ் என்ற சொல்லுக்கு நூடுல்ஸ் வகை என்றுதான் அர்த்தம். கடைசியில் அந்த நீண்ட ‘ரூன்’ ஓசை வருவது ஆங்கிலத்தில் மட்டும்தான். சொல் அந்த வழியாக வந்திருக்கிறது என்றால், பலகாரம் வேறு வழியாக வந்தது என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

1861-ல் வெளிவந்த பீட்டன் அம்மையாரின் குடும்ப நிர்வாக நூல் ஆங்கிலேயர் வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடி இருந்த புத்தகம். அதிலே மக்ரூனுக்குக் கேட்கும் பொருள்கள் மூன்று: பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. பாதாமை எடுத்துவிட்டு முந்திரியை வையுங்கள். பொருள் கணக்கில் தூத்துக்குடி மக்ரூன் தயார். செய்முறையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆங்கிலேய மக்ரூன் தட்டையாக, மென்றால் ஒட்டுகிற மாதிரி இருக்கும். நம்ம ஊர்க்காரர் வெள்ளைக்கருவை நுரை நிற்கிற அளவுக்கு அடித்து, முந்திரித்தூளைக் கடைசியில் மெதுவாகக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பிச் சுற்றிச் சுற்றிக் கோபுரம் மாதிரி வைத்து, தணிந்த சூட்டில் வேக வைப்பதைவிட உலர வைக்கிறார். வாயில் போட்டால் முதலில் மொறுமொறுப்பு, உடனே கரைசல், கடைசியில் பல்லில் கொஞ்சம் முந்திரி. பாதி மெரிங்க், பாதி மக்ரூன். அந்தக் கலப்பு இங்கே நடந்தது. மெரிங்க் என்ற பேரே அச்சில் வருவது 1692-ல் ஒரு பிரெஞ்சு நூலில். தூத்துக்குடியில் போர்த்துகீசியக் கொடி இறங்கி அப்போது 34 வருஷம் ஆகியிருந்தது.

அப்படியானால் எப்போது, யார்? இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1825-ல். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்தது, ஹார்வியின் பஞ்சாலை வந்தது, வெள்ளைக்காரக் குடும்பங்கள் வந்தன. போட் மெயில் 1914-ல் தனுஷ்கோடி வழிக்கு மாறும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் இறங்கிக் கப்பல் ஏறியது தூத்துக்குடியில்தான். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கொழும்புத் தடத்துக்காகத்தான். அந்தப் பக்கம் ஆங்கிலேயத் தோட்டத் துரைகள், ஓட்டல்கள், பேக்கரிகள். இந்தப் பக்கம் வேலை தேடிப் போய்வந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள். ஊரில் இன்று மக்ரூனுக்குப் பேர்போன கடைகள் எல்லாம் 20-ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை. கொல்லத்து ஆலைப் பருப்பு மூட்டை மூட்டையாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அதே காலத்தில். ஆங்கிலேய ருசி, கொழும்புத் தொழில், கொல்லத்துப் பருப்பு: மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கக்கூடிய முதல் காலம் இதுதான். நிரூபணம் இல்லை. ஆனால் தேதிகளோடு சண்டை போடாத ஊகம்.

சரி, ஒரு இனிப்பு போர்த்துகீசியர் கொடுத்ததா, இங்கிலீஷ்காரன் கொடுத்ததா என்பதில் என்ன இருக்கிறது, எவனோ ஒரு வெள்ளைக்காரன்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கதையின் பெரிய குறை என் கண்ணில் தேதிப் பிழை இல்லை. இந்தக் கதையில் தருகிறவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன், வேறு யாருமே கிடையாது. வெள்ளைக்கருவைக் கையால் அடித்து அடித்துத் தோள் இறங்கிப்போன பேக்கரி மாஸ்டர் இல்லை. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறினால் மக்ரூன் நமுத்துப்போகும் என்று கண்டு, அடுப்புச் சூட்டையும் நேரத்தையும் மாற்றிப் பழகியவர் இல்லை. முந்திரியை உடைத்த பெண்கள் இல்லை. மரம் வைத்தவர்கள் சுத்தமாக இல்லை.

மரம் வைத்தவர்கள் என்றதும் தேரிக்குப் போக வேண்டியிருக்கிறது. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில் சிவப்பு மணல் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். இரும்புத் துரு ஏறிய மணல். ஆடிக்காற்றில் இடம் மாறும். குதிரைமொழித்தேரி, நாட்டு வழக்கில் கள்ளர்வெட்டு நடக்கும் கற்குவேல் அய்யனார் கோவில் இருக்கும் அந்தத் தேரி, எல்லாம் இந்த வகை. மழை குறைவு, அதுவும் ஐப்பசி கார்த்திகையில் வந்தால் உண்டு. இங்கே பனை நிற்கும், உடை நிற்கும், கொல்லாமரம் நிற்கும். கொல்லாமரம் என்பதுதான் எங்கள் பக்கம் முந்திரி மரத்துக்குப் பேர். பழம் கொல்லாம்பழம். முந்திரி என்பது கடைக்குப் போன பிறகு வருகிற பேர்.

(பேரைப் பற்றி ஒரு இடைச்செருகல். தமிழில் முந்திரி என்பது முதலில் திராட்சைக்கான பேர், மலையாளத்தில் இன்றும் அப்படித்தான். கொடியில் காய்ப்பது கொடிமுந்திரி என்றானதும், மரத்தில் காய்த்த புதுசுக்குக் கொட்டைமுந்திரி, மரமுந்திரி என்று அந்தப் பேரையே நீட்டிக் கொடுத்திருக்கிறோம். மலையாளிகள் பறங்கியண்டி என்று வைத்தவனைப் பேரிலேயே காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதோடு, பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. இன்று உலகச் சந்தையில் அதிகம் விற்கும் பருப்புத் தரத்தின் பேர் டபிள்யூ 320, அதாவது ஒரு பவுண்டுக்கு 320 வரை நிற்கும் முழுப்பருப்பு. தற்செயல்தான். ஆனாலும் இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.)

என் பெரியப்பா குடும்பத்துக்கு உடன்குடிக்கு மேற்கே இரண்டு ஏக்கர் தேரி நிலம் உண்டு. பனையும் கொல்லாவும் கலந்து நிற்கிறது. விதை போட்டு முளைத்த பழைய மரங்கள், ஒவ்வொன்றும் ஒரு குணம். ஒன்று சிவப்புப் பழம், ஒன்று மஞ்சள். ஒன்றின் கொட்டை பெருவிரல் பருமன், பக்கத்து மரத்தில் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்றை அண்ணன் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் ஊற்ற முடிந்த இடத்தில் நின்றது, முடியாத இடத்தில் காய்ந்தது.

தை, மாசியில் பூ. அப்போதுதான் தேயிலைக் கொசு என்கிற பூச்சி இறங்கும். பேரில்தான் கொசு, உறிஞ்சுவது இளந்தளிரையும் பூங்கொத்தையும். ஒரு வாரத்தில் கொத்துக் கொத்தாகக் கருகிவிடும். இந்தப் பூச்சியைக் காரணம் காட்டித்தான் காசர்கோட்டின் அரசு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபானை 20 வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் தெளித்தார்கள், தலைமுறையே முடமானது, 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எங்கள் தேரியில் மருந்து அடிக்க யாரிடமும் பணம் இல்லாததால் அந்தக் கதி வரவில்லை.

பங்குனியிலிருந்து வைகாசி வரைக்கும் அறுவடை. அறுவடை என்ற சொல்லே கொஞ்சம் அதிகம். கொல்லாம்பழத்தைப் பறிக்கக் கூடாது, பழுத்துத் தானாக விழ வேண்டும். அப்போதுதான் கொட்டைக்குள் பருப்பு முற்றியிருக்கும். பச்சையாகப் பறித்த கொட்டை உலர்ந்ததும் சுருங்கி, வியாபாரி கையில் நீரில் மிதக்கும். ஆகவே வேலை என்பது விடிகாலையில் குனிவது. மணல் சூடேறுவதற்குள், எலியும் அணிலும் பக்கத்துக்காரர் ஆடும் வருவதற்குள் ஒவ்வொரு மரத்தடியாகப் பொறுக்கி, பழத்தைத் திருகி எடுத்துக் கொட்டையைச் சாக்கில் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்தால், கையில் அள்ளிக் குலுக்கும்போது கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் அவர்களுடைய ஈரப்பதமானி. இதே நாள்களில்தான் பதநீரும் இறங்கும், கருப்பட்டியும் காய்ச்ச வேண்டும். இரண்டையும் ஒரே பெண்கள் பார்க்கிறார்கள்.

மக்ரூன் பற்றி எழுதப் போகிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். “எய்யா, நாங்க கொல்லாங்கொட்டைய எங்க திங்கோம்? நாலு கொட்டைய அடுப்புல சுட்டுப் பிள்ளைகளுக்குக் குடுக்கறதோட சரி. மிச்சம் யாவாரிக்கு மூட்டையாப் போயிரும்” என்றார். வியாபாரி எங்கே கொண்டுபோகிறார்? கன்னியாகுமரிப் பக்கம் அண்டியாபீஸுக்கு. அங்கே சுட்டு உடைத்து, போர்மாவில் உலர்த்தி, தோல் உரித்து, தரம் பிரிக்கிறார்கள். (கேரளத்தில் பேக்கரி அடுப்புக்கும் போர்மா என்றே பேர்.) நான்கு கிலோ கொட்டைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பருப்பு. முழுப்பருப்பு ஏற்றுமதிக்கு, உடைசல் இனிப்புக் கடைக்கு. மக்ரூனுக்கு எப்படியும் தூளாக்கத்தான் போகிறோம், அதனால் முழுசு தேவையில்லை. எங்கள் தேரியிலிருந்து தெற்கே போன கொட்டை, உடைசலாகித் திரும்ப வடக்கே வந்து, 40, 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் கோபுரமாகி உட்கார்ந்தாலும் உட்காரலாம். பெரியம்மா மக்ரூன் சாப்பிட்டது யாரோ கல்யாணத்துக்கு வாங்கி வந்தபோது.

ஆனால் இதை வைத்து ‘தேரி முந்திரியில் செய்த தூத்துக்குடி மக்ரூன்’ என்று இன்னொரு அழகான கதை கட்டவும் நான் தயாராக இல்லை. இந்திய ஆலைகள் உடைக்கும் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது: ஐவரி கோஸ்ட், பெனின், கினி-பிசாவ், கானா, தான்சானியா. அது இறங்கும் துறைமுகங்களில் ஒன்று தூத்துக்குடி. அதாவது, ஒரு மக்ரூனில் இருக்கும் முந்திரி இதே ஊரின் பெர்த்தில் கன்டெய்னரில் இறங்கி, தெற்கே போய் உடைபட்டு, திரும்பி வந்ததாகக்கூட இருக்கலாம். ஒரு கப்பல் உண்மையிலேயே கதையில் இருக்கிறது. அது 16-ஆம் நூற்றாண்டுக் கப்பல் இல்லை, போன மாசம் வந்தது.

போர்த்துகீசியர் முந்திரியைப் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நட்ட இடங்களில் மொசாம்பிக்கும் ஒன்று. 1960-களில் உலகத்திலேயே அதிகமாக விளைவித்த நாடுகளில் அது முன்னால் நின்றது, சொந்தமாக உடைக்கும் ஆலைகளும் இருந்தன. 1990-களில் உலக வங்கி, கச்சாக் கொட்டை ஏற்றுமதிக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொன்னது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது வாதம். கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேறியது, அங்கே ஆலைகள் மூடின, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். விவசாயிக்குக் கிடைத்த லாபமோ சொற்பம் என்று பொருளாதார அறிஞர் டானி ரோட்ரிக்கும் மற்றவர்களும் 2002-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இங்கே ஆலை முதலாளிகள் கச்சாக் கொட்டைக்கு இறக்குமதி வரி வேண்டாம் என்கிறார்கள். 2016-ல் 5 சதவீதம் போட்ட வரி 2018-ல் 2.5 சதவீதமாகக் குறைந்தது. வரி குறையும்போது தேரியில் வியாபாரி சொல்லும் விலைக்கு என்ன ஆகும் என்பது பெரியப்பாவுக்கு நாளிதழ் படிக்காமலே தெரியும். முத்துக்குளித்துறையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. இந்தக் கரையின் இன்றைய கடல் வணிகம் இந்த மாதிரி மூட்டைகளில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வீடியோவும் இல்லை.

உடைக்கிற பெண்களைப் பற்றி ஆன்னா லிண்ட்பெர்க் 2001-ல் ஒரு கனமான ஆய்வு எழுதியிருக்கிறார், கொல்லத்து முந்திரித் தொழிலாளர்களின் 1930 முதல் 2000 வரையான வரலாறு. பலகார எழுத்தாளர்கள் ஒரு தடவையாவது புரட்டிப் பார்க்கலாம். உடைப்பது ஒரு ஜாதிப் பெண்களுக்கு, தோல் உரிப்பது இன்னொரு ஜாதிக்கு, தரம் பிரிப்பது அதற்கும் மேலான ஜாதிக்கு என்று ஆலைக்குள்ளேயே வரிசை இருந்ததை அதில் பார்க்கலாம். எண்ணெய் படும் வேலை யாருக்குப் போனது என்று சொல்லவே வேண்டாம். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் கறுத்திருக்கும். வெள்ளை வெளேரென்று இருக்கிற மக்ரூனைப் பார்க்கும்போது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது. அதைப் பிறருக்கும் திணிப்பேன் என்று சொல்லவில்லை, சாப்பிடும்போது சாப்பிட வேண்டியதுதான்.

பிறப்புக் கதைகள் இப்படித் திரிவது நமக்கு மட்டுமான வியாதி இல்லை. மக்காடமியா கொட்டை ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக் காட்டு மரம். அங்கிருந்த பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்றது. 1857-ல் ஒரு தாவரவியலாளர் ஜான் மக்கடம் என்கிற தன் நண்பர் பேரை அதற்கு வைத்தார். 1880-களில் ஹவாய்க்குப் போனது, அங்கே பெரிய அளவில் பயிரானது, ‘ஹவாய்க் கொட்டை’ என்றே உலகம் நம்பிவிட்டது. அதுவும் கொல்லாவைப் போல் தானாக விழுந்த பிறகு பொறுக்குகிற கொட்டைதான். பொறுக்கியவர் பேர் எந்த டப்பாவிலும் இல்லை.

இதே மாவட்டத்தில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலைமிட்டாய்க்குக் கப்பல் கதை எதுவும் தேவைப்படவில்லை. கரிசல் மண், நிலக்கடலை, வெல்லம், செய்தவர் கை என்று இருந்ததை இருந்தபடி சொன்னார்கள், போதுமானதாக இருந்தது. மக்ரூனுக்கும் அப்படி ஒரு முத்திரை வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வரட்டும், நல்லது. அந்த விண்ணப்பத்தில் வரலாறு என்ற பத்தியில் யாராவது பறங்கிக் கதையை எழுதி வைத்தால், அது அரசாங்க ஆவணமாகி, அடுத்த தலைமுறை ஆய்வாளர் அதையே சான்றாகக் காட்டுவார். அங்கேதான் எனக்குப் பயம். மாஸ்டர்களின் நூறு வருஷக் கைவேலையை, ஒரு பலகாரத்தை இன்னொன்றாக மாற்றிய அவர்களுடைய கண்டுபிடிப்பை, யாரோ ஒரு கேப்டனின் அன்பளிப்பாகப் பதிவு செய்துவிடுவோம்.

என் ஊகத்தைக் கவிழ்க்கக்கூடிய சான்றுகள் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். 1658-க்கு முந்தைய சேசுசபைக் கடிதம் எதிலாவது இந்தக் கரையில் முந்திரிப் பருப்பு இனிப்பு பற்றிய குறிப்பு கிடைத்தால், மேலே எழுதியதில் பாதி போய்விடும். மாறாக, கொழும்பு பேக்கரி ஒன்றின் பழைய விலைப்பட்டியலில் மக்ரூனும், அதே காலத் தூத்துக்குடிக் கடை ஒன்றின் கணக்கில் கொல்லத்துப் பருப்பும் கிடைத்தால் வழக்கு முடிந்த மாதிரி. பேக்கரித் தொழிலில் இருந்த குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், தாத்தா காலத்துக் கணக்கு நோட்டு பரணில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் முந்திரி எங்கிருந்து, என்ன விலைக்கு வாங்கினார் என்று ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள்.